முக்கூடல் நீரும் முள் தைத்த புண்ணும்

குறுந்தொகையில் கல்லாடனார் பாடிய 269 ஆம் பாட்டு நெய்தல் திணையைச் சார்ந்தது. தந்தையைச் சுறாமீன் தாக்கிய புண் ஆறிவிட்டது. அவன் மீண்டும் கடலுக்குச் சென்றுவிட்டான். தாயோ உப்பைக் கொடுத்து வெண்ணெல் பெற்றுவர உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். இவ்வேளையில் தலைவன் வந்தால் எளிதிற் காணலாம். நெடுவழி சென்று அவனிடம் இதைச் சொல்ல ஒருவர் கிடைத்தால் நன்று என்று ஏங்குகிறாள் தலைவி. இப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் தலைவனைப் பற்றிக் கேட்பார்கள். உள்ளுறை உண்டா, இறைச்சி உண்டா என்று தேர்வுக்கு வேண்டியதைக் கேட்பார்கள். அந்தத் தந்தையின் புண்ணைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கேட்க வேண்டிய செய்தி அது. புண் ஆறும்வரை அத்தந்தை கடலுக்குப் போகவில்லை, வீட்டிலேயே கிடந்திருக்கிறான். ஆகவே களவுக்கு இடமில்லாமல் போயிற்று. அந்த நாள்களில் மீன் வருவாய் இல்லை; உப்பை மாற்றி நெல் கொண்டுவரும் சுமை தாயின் தலையில் விழுந்தது என்றும் பொருள் கொள்ளலாம். காதற் பாட்டு ஒன்றில், தொழிலில் நேர்ந்த காயம் ஒரு குடும்பத்தின் நாட்கணக்கையே மாற்றி வைத்திருப்பதைப் புலவர் போகிற போக்கிற் காட்டிவிடுகிறார். மீன் பிடிக்கும் தொழிலில் காயம் என்பது எதிர்பாராத ஒன்றன்று என்பதும், ஆறிய பின் அதே நீருக்குத் திரும்பிப் போவதே வழக்கம் என்பதும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நம் இலக்கியத்தில் பதிவாகியுள்ளன.

சுறாவின் அச்சம் நெய்தல் நிலத்தில் நெடுங்காலம் நிலவியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரையைக் கண்டு சென்ற மார்க்கோ போலோ, முத்துக் குளிப்போரைப் பெருமீன்கள் தீண்டாதவாறு மந்திரத்தால் கட்டுவோர் இருந்தனர் என்றும், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாகச் சென்றது என்றும் எழுதியுள்ளார். பின்னாளில் அவர்களைக் 'கடல்கட்டி' என்று வழங்கினர். மன்னார் வளைகுடாவில் மூழ்கி முத்தெடுத்தவர்களுள் பரதவரும் இருந்தனர். நம் சமுதாயத்தாரும் இருந்தனர். எல்லாருக்கும் சுறா ஒன்றே. எனவே அச்சமும் ஒன்றே. மந்திரத்தால் சுறாவின் வாய் கட்டுப்பட்டதோ இல்லையோ, குளிப்பவனின் நெஞ்சத்து நடுக்கம் கட்டுப்பட்டிருக்கும் என்று கொள்வதிற் குற்றமில்லை.

இக்கட்டுரை கடலைப் பற்றியதன்று. காஞ்சிக்குத் தென்கிழக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலையும் அதைச் சூழ்ந்த ஏரிகளையும் பற்றியது. இங்கே சுறா இல்லை. ஆயினும் மழைக்காலம் வந்து ஆற்றில் நீர் ஓடத் தொடங்கியதும் தூண்டிலும் வலையுமாகக் கரைக்குச் செல்வோர் பலர். மீன் பிடித்தலே தொழிலாக உடையோர் அவருள் சிலரே. தறி நெய்வோர், வயல் வேலை செய்வோர், விடுமுறையில் வீட்டுக்கு வந்த மாணவர் ஆகியோரே மிகுதி. தொழிலாக உடையவர்க்கு நீரின் குணம் தெரியும், மற்றவர்க்குத் தெரியாது. இம்மலரைப் படிக்கும் மாணவர்களில் பலர் அந்த இரண்டாம் வகையினர் என்பதனாலேயே இதை எழுத நேர்ந்தது.

ஆதுலசாலையும் சல்லியமும்

திருமுக்கூடல் என்றதும் வரலாற்றுத் துறையினர்க்கு நினைவுக்கு வருவது அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் கல்வெட்டு. வீரராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 11 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பொறிக்கப்பட்டது. கே.வி. சுப்பிரமணிய ஐயர் அதை 'எபிகிராபியா இண்டிகா' 21 ஆம் தொகுதியிற் பதிப்பித்தார். கோயிலைச் சார்ந்து வேதமும் இலக்கணமும் கற்பித்த பள்ளி ஒன்றும், மாணாக்கர் உறையும் விடுதியும், 'வீரசோழன்' என்னும் பெயருடைய ஆதுலசாலையும் இருந்தமையை அது விரிவாகக் கூறுகிறது. ஆதுலர் என்றால் நோயுற்றோர். ஆதுலசாலை என்பது இன்று நாம் ஆஸ்பத்திரி என்று சொல்லும் இடமே.

அங்கே நோயாளர் கிடப்பதற்கு 15 கட்டில்கள். மருத்துவம் பார்ப்பவர்க்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை செய்வானுக்கு 30 கலம் நெல். மருந்துச் செடி கொண்டுவரவும் மருந்து அடவும் ஆட்கள், நோயாளரைப் பேணப் பெண்டுகள், நாவிதன் ஒருவன். ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய தைலம், நெய், இலேகியம் முதலியவற்றின் பெயர்களும் அளவோடு குறிக்கப்பட்டுள்ளன. இன்றைய சிற்றூர் மருத்துவமனை ஒன்றின் மருந்துப் பதிவேட்டைக் கல்லில் வெட்டியதுபோல் அது காட்சி தருகிறது.

இங்கே ஒரு சொல்லில் நின்று செல்ல விரும்புகிறேன். 'சல்லியம்' என்னும் வடசொல்லுக்கு அம்பு, முள் என்பன முதற்பொருள். உடம்பில் தைத்து உள்ளே நின்று துன்புறுத்தும் அயற்பொருள் யாதாயினும் அது சல்லியமே. அதனை எடுப்பது சல்லியக்கிரியை. ஆகவே அறுவை மருத்துவம் என்று நாம் இன்று பெரிதாகச் சொல்லும் கலை, பெயரளவில் 'முள் எடுக்கும் வேலை'யே ஆகும். போர்க்களத்து அம்புக்கு முன்னே, வயலிலும் நீரிலும் தைத்த முள்ளே மனிதனுக்கு அறுவையைக் கற்பித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மூன்று ஆறுகள் கூடும் ஊரில், கெளுத்தியும் தேளியும் புரளும் நீர்க்கரையில், முள் எடுப்பவன் ஒருவனுக்கு மானியம் விட்டிருந்தார்கள். மருத்துவர் பெற்ற நெல்லில் மூன்றில் ஒரு பங்குதான் அவனுக்கு என்பது சற்று உறுத்துகிறது.

ஆயினும் மிகைபடக் கூறலாகாது. அந்த ஆதுலசாலை பள்ளி மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியதாகவே கல்வெட்டிற் காணப்படுகிறது. ஏரியில் கைவிட்டு மீன் தடவிய ஏழை முள் குத்தி அங்கே போய் நின்றால் அவனுக்கும் கட்டில் கிடைத்ததா என்பதற்குக் கல்வெட்டில் விடை இல்லை.

முள் குத்தினால் என்ன நிகழ்கிறது

கெளுத்திக்கு முட்கள் மூன்று. முதுகுத் துடுப்பின் முன்னே ஒன்று. செவுளை அடுத்த இருபக்கத் துடுப்புகளிலும் ஒவ்வொன்று. அச்சமுற்றால் அவற்றை விறைத்து நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். முள்ளின் ஓரம் வாள்போல் பல் பல்லாக இருக்கும். உள்ளே போவது எளிது, வெளியே வரும்போது சதையைக் கிழிக்கும். வாலாசாபாத்துச் சந்தையில் மீன் விற்போர் கெளுத்தியை எடுத்ததும் முதலில் முள்ளை ஒடித்துவிட்டே நிறுத்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீன் இறந்துவிட்டாலும் முள் இறப்பதில்லை.

தேளி இன்னும் கொடிது. தேளைப்போலக் கொட்டுவதால் தேளி. ஈழத்தில் இதனைச் சுங்கான் என்பர். அதன் பக்கத் துடுப்பு முள்ளைச் சுற்றி மெல்லிய தோலுறையும் அதனுள் நஞ்சுச் சுரப்பியும் உள்ளன. முள் தைக்கும்போது உறை கிழிந்து நஞ்சு புண்ணில் இறங்குகிறது. குத்திய கணத்தில் நெருப்புப் பட்டதுபோன்ற வலி எழும், கை வீங்கும், வலி தோள்வரை ஏறும், சிலர்க்கு மயக்கமும் வாந்தியும் வரும். நல்ல உடலுடையாரை இது கொல்வது அரிது. ஆனால் அந்த வலியில் நீருக்குள் நிற்பவன் நிலை தடுமாறினால் அதுவே போதும்.

ஏன் நம் பக்கத்து ஏரிகளில் இது மிகுதியாக நேர்கிறது? கோடையில் ஏரி வற்றிச் சேறாகும்போது மற்ற மீன்கள் மாள்கின்றன. தேளி, விரால், குரவை, பனையேறிக் கெண்டை ஆகியவை நீருக்கு மேலே வந்து காற்றையே முகந்து உயிர்க்க வல்லவை. ஆதலின் சேற்றுக்குள் பிழைத்துக் கிடக்கின்றன. அப்போது வலையும் தூண்டிலும் பயன்படா. கையால் தடவித்தான் பிடிக்க வேண்டும். இருளர் குடியினர் இதில் மிகுந்த தேர்ச்சி உடையோர். விரல் நுனியால் மீனின் தலை எது, வால் எது என்று அறிந்து முள்ளுக்குப் பின்னே பிடிப்பர். அவர்களைப் பார்த்துத் தாமும் இறங்கும் பிள்ளைகளுக்கு அந்த விரலறிவு இல்லை. கிடைக்கும் மீன் முள்ளுடைய மீன், பிடிப்பதோ வெறுங்கை. காயம் வேறு எப்படி வராமலிருக்கும்?

இனி மருந்து. இந்நஞ்சு புரதத்தால் ஆனது, சூட்டில் கெடுவது. ஆகையால் குத்துண்ட கையை அல்லது காலைப் பொறுக்கத்தக்க சூடுள்ள வெந்நீரில், ஏறக்குறைய 45 பாகை செல்சியஸ் அளவில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். ஆறினால் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம். வலியால் மரத்த கைக்குச் சூடு தெரியாது. எனவே குத்துப்படாத கையை முதலில் விட்டுப் பார்த்தே சூட்டை அளக்க வேண்டும். இல்லையேல் நஞ்சுக்குச் செய்த மருந்து வெந்த புண்ணாக முடியும். கடலில் திருக்கை வாலால் அடிபட்டோர்க்கும் இதே வெந்நீர் முறைதான். இவ்வளவு எளிய மருந்து கையருகே இருக்க, நம்மவர் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள், சுண்ணாம்பு அப்புகிறார்கள், கயிற்றால் இறுகக் கட்டுகிறார்கள், பிளேடால் கீறி இரத்தத்தைப் பிழிகிறார்கள். இவற்றுள் ஒன்றும் நஞ்சை நீக்குவதில்லை. கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. கீறல் புதிய புண்ணை உண்டாக்குகிறது.

வலி தணிந்ததும் கதை முடிந்தது என்று எண்ணுவதே பெரும் பிழை. முள்ளின் நுனி உள்ளே ஒடிந்து தங்கியிருக்கலாம். அதுதான் உண்மையான சல்லியம். மேற்புண் மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கம் கூடினாலோ, விரல் மடங்காது போனாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சேற்று நீரில் வாழும் ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் சிறு துளை வழியே நுழைந்து ஒரே நாளில் சதையை அழுக வைப்பதும் உண்டு. நீரிழிவு உடையோர்க்கு இந்த இடர் பன்மடங்கு. நம் சமுதாயத்துப் பெரியவர்களில் சர்க்கரை நோய் இல்லாத வீடு இன்று அரிது. காலில் உணர்ச்சி குறைந்த நிலையில் வெறுங்காலோடு ஏரியில் இறங்குவோர்க்கு முள் குத்தியதே தெரியாமற் போகலாம். தெரியும்போது புண் முற்றியிருக்கும்.

இசிவு நோய்க்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். அறியாதது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரில் புண்ணுள்ள காலோடு நின்றவர்க்கு இரண்டு நாள் முதல் நான்கு வாரத்துக்குள் கடுங்காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் வரலாம். மருத்துவரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல், ஏரியில் இறங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் இல்லாமையால் மருந்து திசை மாறிவிடும்.

பனையேறியும் தொண்டையும்

டென்மார்க்கு வணிகக் குழுவிற் பணியாற்றிய டால்டோர்ப் என்னும் படையலுவலர் 1791 இல் தரங்கம்பாடியில் ஒரு மீன் பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக எழுதினார். இலண்டன் லின்னேயன் கழகம் 1797 இல் அதனை வெளியிட்டது. உலக விலங்கியலார் அம்மீனைப் பற்றி இன்றும் பேசும்போது தரங்கம்பாடியைக் குறிப்பதுண்டு. அதுவே நம் பனையேறிக் கெண்டை. பனை உச்சிவரை அது ஏறுமா என்பது ஐயமே. ஈரத் தரையில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஊர்ந்து செல்லும் என்பது உறுதி.

அந்தச் செவுள் முட்கள்தாம் ஆளைக் கொல்வன. பிடித்த மீனைப் போடக் கூடை அருகில் இல்லாதபோது, இரு கைகளும் வலையிலோ சேற்றிலோ இருக்க, மீனைப் பல்லிடையிற் கடித்துக்கொள்வது நம் நாட்டு வழக்கம். உயிருள்ள மீன் ஒரு துள்ளல் துள்ளினால் வழுக்கித் தொண்டைக்குள் இறங்கிவிடும். தலை முன்னே சென்றுவிட்டால் செவுள் முட்களும் துடுப்பு முட்களும் பின்னோக்கி விரிந்து சதையில் மாட்டிக்கொள்ளும். முன்னே போகும், பின்னே வராது. வாலைப் பிடித்து இழுத்தால் தொண்டை கிழியும். இவ்வாறு மூச்சடைத்து இறந்தோரைப் பற்றியும், மருத்துவமனையிற் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்து பிழைப்பிக்கப்பட்டோரைப் பற்றியும் இந்திய மருத்துவ இதழ்களிற் பல குறிப்புகள் வந்துள்ளன. ஐதராபாத்தில் ஆண்டுதோறும் ஆஸ்துமா நோய்க்கென்று விரால் குஞ்சை விழுங்குகிறார்களே என்று சிலர் கேட்கலாம். அம்மருத்துவத்தின் பயன் பற்றி எனக்கு ஐயம் உண்டு, அது இருக்கட்டும். விராலுக்குக் குத்தும் முட்கள் இல்லை. அதனால் அது வழுக்கி இறங்குகிறது. பனையேறி அத்தகையதன்று. கூடை இல்லையேல் மீனைக் கரையில் எறியலாம், தப்பினால் தப்பட்டும். வாய் மீனுக்கு உரிய பை அன்று.

தூண்டில் முள் தைப்பது இவற்றினும் எளிய செய்தி. முனைக்குச் சற்றுக் கீழே எதிர்ப்புறம் நோக்கிய சிறு கூர் இருப்பதால் வந்த வழியே இழுத்தால் சதை பிய்யும். ஆழமாகத் தைத்திருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு, முனையை மறுபுறம் வெளிப்படுத்தி, கூரை நறுக்கிவிட்டு மருத்துவர் எடுப்பார். கண்ணில் தைத்தால் மட்டும் எவரும் கைவைக்கலாகாது. ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணின்மேல் அழுந்தாமல் கவிழ்த்துக் கட்டி, முள்ளோடும் நரம்போடும் அப்படியே செங்கற்பட்டுக்கோ காஞ்சிக்கோ கொண்டுசெல்ல வேண்டும். தூண்டிலைப் பின்னே வீசும்போது பின்னால் நிற்பவர் யார் என்று திரும்பிப் பாராமையே இதற்குக் காரணம். வேறு காரணம் இல்லை.

பாம்பைப் பற்றி மக்களுக்கு உள்ள அச்சம் இடம் மாறி நிற்கிறது. வலையில் சிக்கும் தண்ணீர்ப்பாம்பு சினந்து கடிக்கும், நஞ்சு இல்லை. நஞ்சுடையவை இரவில் ஏரிக்கரை மேல் இருப்பவை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நீரில் அஞ்சி நின்றவர் கரையேறியதும் அச்சம் நீங்கி விளக்கின்றி நடக்கிறார். இந்நான்கின் நஞ்சுக்கும் ஒரே மாற்று மருந்து அரசு மருத்துவமனைகளில் உண்டு. அதற்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவோருள் முதன்மையானவர்கள், மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். சேற்றில் மீன் தடவும் அதே குடியினரின் கைகளே நம் உயிர்க்கு மருந்தும் எடுக்கின்றன.

மீன் பிடிப்பது என்ற பெயரில் நிகழும் வேறு இரண்டு செயல்களும் உண்டு. ஒன்று தோட்டா வெடித்தல். மற்றொன்று மின்கம்பியில் கொக்கி மாட்டி நீரில் மின்சாரம் பாய்ச்சுதல். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடித்தலை 1897 ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. கை இழந்தோரும் உயிர் இழந்தோரும் நாளிதழ்ச் செய்திகளில் வந்துகொண்டே இருக்கின்றனர். மின்சாரம் பாய்ந்த நீரில் விழுந்தவனை எடுக்க இறங்குபவனும் உடன் மாய்கிறான். முதலில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இதற்கு மேல் இவற்றைப் பற்றி எழுத விருப்பமில்லை.

நீர் மறைக்கும் பள்ளம்

வடநாடுகளில் ஏரிகள் பனிக்காலத்தில் உறைந்து கல்லாகும். அதன்மேல் நடந்து சென்று, துளையிட்டு, துளைவழியே தூண்டில் இட்டு மீன் பிடிப்பார்கள். பின்லாந்து, உருசியா, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் இது பெருவழக்கு. ஈழத் தமிழர் பெருந்தொகையாக வாழும் டொராண்டோ நகருக்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரி இதற்குப் பெயர் பெற்றது. அங்கே வழுக்கி விழுந்து எலும்பு முறிவோர் உண்டு. துளைக் கருவியால் வெட்டுண்போர் உண்டு. குளிருக்கு அடைத்த சிறு குடிலுக்குள் அடுப்பு மூட்டித் தீப்புண் அடைவோரும், கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற புகையால் உறக்கத்திலேயே மாள்வோரும் உண்டு. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் செய்த ஆய்வு ஒன்று, சாதாரண மீன்பிடிப்பைவிடப் பனிக்கட்டி மேல் மீன்பிடிப்பில் காயங்கள் கடுமையாக இருப்பதைக் காட்டியது.

ஆனால் அவர்கள் அஞ்சுவது கட்டி உடைந்து கீழே விழுவதைத்தான். மின்னசோட்டா மாநிலத்தார் நடப்பதற்குக் குறைந்தது 4 அங்குலத் தடிப்பு வேண்டும் என்கின்றனர். 2009 பிப்ரவரியில் ஈரி என்னும் பேரேரியில் பனிக்கட்டித் தகடு கரையினின்று பிரிந்து மிதந்து செல்ல, நூற்றுக்கு மேற்பட்டோர் அதன்மேல் சிக்கி, ஹெலிகாப்டர்களாலும் படகுகளாலும் மீட்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். (ஏரிக்குப் பெயரே ஈரி! தமிழாசிரியர்கள் இதைக் கண்டு உடனே வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டா. அது அந்நாட்டுப் பழங்குடியின் பெயர்.) கனடா நாட்டு மானிடோபாப் பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் என்னும் பேராசிரியர் குளிர்நீரில் விழுந்தோர்க்கு 1-10-1 என்ற கணக்கைக் கற்பித்தார். மூச்சுத் திணறலை அடக்க ஒரு நிமிடம். கைகால் இயங்கக் கூடிய நேரம் பத்து நிமிடம். குளிரால் நினைவிழக்க ஒரு மணி. பத்து நிமிடத்துக்குள் வந்த வழியே ஊர்ந்து மேலேற வேண்டும். வந்த வழியிலுள்ள கட்டிதான் தாங்கும் என்பது சோதித்து அறியப்பட்டதன்றோ?

பாலாற்றில் பனிக்கட்டி ஏது என்பீர்கள். அங்கே கட்டி நீரை மறைக்கிறது. இங்கே நீர் பள்ளத்தை மறைக்கிறது. பார்வைக்கு இரண்டுமே சமதளம். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு இது. அம்மணலை அள்ளி அள்ளி நகரங்களைக் கட்டினோம். 2003 முதல் அரசே மணற்குவாரிகளை நடத்தத் தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னும் முறையின்றி அள்ளியோரும் உண்டு. தோண்டிய குழிகள் கோடையில் கண்ணுக்குத் தெரியும். 2015 நவம்பரிலும் 2021 நவம்பரிலும் வந்தது போன்ற வெள்ளம் வந்து வடியும்போது, முழங்கால் அளவு நீரில் நடந்து செல்பவன் அடுத்த அடியில் தலைக்குமேல் நீரில் இருப்பான். குழியின் விளிம்பு இறுகிய மண் அன்று. பிடித்தால் சரியும் மணல்.

இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. ஆறு பல ஆண்டு வறண்டு கிடந்தமையால் ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் நீந்தத் தெரியாத தலைமுறை உருவாகிவிட்டது. எம் தந்தையார் காலத்தில் ஆற்றங்கரைப் பிள்ளைக்கு நீச்சல் கற்பிக்க எவரும் தேவைப்படவில்லை. ஓடும் ஆறே கற்பித்தது. இன்று ஆசிரியன் இல்லாத மாணவனாகப் பிள்ளை திடீரென்று தேர்வுக்கு நிறுத்தப்படுகிறான்.

வீச்சு வலை எறிவோர்க்குத் தனி எச்சரிக்கை ஒன்று தேவை. வலைக்கயிற்றை மணிக்கட்டில் சுருக்கிட்டுக்கொள்வது வழக்கம். வலையின் விளிம்பெங்கும் ஈயக்குண்டுகள். கால் பள்ளத்தில் இறங்கிவிட்டால், நீரோட்டம் வலையை இழுக்க வலை ஆளை இழுக்கும். நன்றாக நீந்துவோனும் அப்போது ஒற்றைக் கையனே. இழுத்தால் இறுகாத, உதறினால் கழன்றுவிடும் வளையமாகக் கயிறு இருத்தல் வேண்டும். இறங்குமுன் மூங்கிற் கழியால் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டே ஒவ்வோர் அடியாக வைப்பது தொழிலாளரின் பழக்கம். விடுமுறைக்கு வந்தவர் அதை நகைப்பர்.

ஒருவன் மூழ்கும்போது உடன் வந்தோர் அடுத்தடுத்துக் குதித்து மூவர் நால்வராக மாள்வதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் படிக்கிறோம். மூழ்குபவன் தன்னைப் பிடிக்க வந்தவனைப் படியாக மிதிப்பான். அது அவன் குற்றமன்று, உயிரின் இயல்பு. ஆகவே குதிக்காமல் நீட்ட வேண்டும். எட்டாவிட்டால் எறிய வேண்டும். நீட்டுவதற்குக் கழி, வேட்டி, சேலை. எறிவதற்குக் கயிறு கட்டிய வெறும் பிளாஸ்டிக் குடம், லாரி டியூப், மூடியிட்ட எண்ணெய்க் கேன். இவற்றுள் ஒன்றேனும் இல்லாமல் நீர்க்கரைக்குப் போகலாகாது. மீன் போட எடுத்துச் செல்லும் மூடியுள்ள குடமே ஓர் உயிரைத் தாங்கப் போதும்.

கரையேற்றிய பின் நம்மூரில் செய்வது, தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்கி நீரைக் கக்க வைப்பதுமே. அவன் வயிற்றில் நீர் இருப்பதால் சாகவில்லை. நெஞ்சுக்குக் காற்று போகாமையால் சாகிறான். வயிற்றை அமுக்கினால் அதிலுள்ள நீரும் உணவும் மூச்சுக்குழலுக்குள் ஏறிக் கேட்டையே விளைக்கும். மல்லாத்தி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சை ஊத வேண்டும். அசைவில்லையேல் மார்பின் நடுவே 30 முறை வலுவாக அழுத்தி 2 முறை ஊதுதல் என்ற கணக்கில், 108 வண்டி வரும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் தொடர வேண்டும். கண் விழித்து எழுந்து உட்கார்ந்தவனையும் வீட்டுக்கு அனுப்பலாகாது. நுரையீரலுக்குள் சென்ற நீரால் சில மணி நேரம் கழித்து மூச்சு முட்டுவது உண்டு. அன்றிரவு அவன் மருத்துவமனைக் கட்டிலிலேயே இருக்க வேண்டியவன்.